கழன்று போன செருப்பும் கழட்ட முடியாத போனும்

செருப்புக்கும் சோஷியல் நெட்வொர்க்குக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்கறீங்களா? எங்க ஹாஸ்டலுக்கு ஒரு நாள் வந்து பாருங்க. காலைல ஏழரைக்கு மெஸ் வாசல்ல நிக்கிற கும்பல்ல ஒருத்தனாவது ஷூ போட்டிருப்பானான்னு தேடுங்க. ஒருத்தனாவது கையில போன் இல்லாம இட்லிக்கு நிக்கிறானான்னும் தேடுங்க. ரெண்டுமே கிடைக்காது. கால்ல ரப்பர் செருப்பு, கையில இன்ஸ்டாகிராம். பல் விளக்காம கூட வருவானுங்க, இது ரெண்டும் இல்லாம வர மாட்டானுங்க.

நான் கொஞ்ச நாளா இதை யோசிச்சுட்டு இருக்கேன் (பரீட்சை நேரத்துலதான் இந்த மாதிரி யோசனை எல்லாம் வரும், அது வேற விஷயம்). ரெண்டுலயும் நமக்குப் பிடிச்ச குணம் ஒண்ணுதான்னு தோணுது. குனிய வேண்டாம். ஷூன்னா குனியணும், சாக்ஸ் தேடணும், அந்த ஜோடில ஒண்ணு எங்கன்னு ரூம்மேட் கிட்ட சண்டை போடணும், லேஸ் கட்டணும். செருப்புன்னா காலை நுழைச்சா முடிஞ்சது. ஒருத்தர்கிட்ட பேசணும்னாலும் அதே கதைதான். நேர்ல போனா சட்டை மாத்தணும், என்ன பேசறதுன்னு யோசிக்கணும், அவங்க அம்மா குடுக்கற காபியைக் குடிக்கணும். போன்ல ஒரு ஹார்ட்டைத் தட்டினா முடிஞ்சது.

ஹவாய் செருப்போட கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன், எனக்குப் பிடிச்ச கதை. நாம பேருக்குத்தான் அதை ஹவாய்னு சொல்றோம், மூலம் ஜப்பான்ல. அங்க சோரின்னு வைக்கோல்ல பின்ற செருப்பு இருக்கு. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல வார் போற மாதிரி. அதைப் பார்த்து பிரேசில்ல 1962-ல ரப்பர்ல செருப்பு செஞ்சு ஹவாயானாஸ்னு பேர் வச்சாங்க. போர்ச்சுகீசிய மொழியில அதுக்கு ஹவாய்க்காரங்கன்னு அர்த்தம். அந்தச் செருப்போட மேல்பரப்பைத் தடவிப் பார்த்தா அரிசி அரிசியா இருக்கும், அது அந்த ஜப்பான் வைக்கோலை ஞாபகப்படுத்தறதுக்காக வச்ச டிசைன். நம்ம ஊர்ல நீல வார், வெள்ளை அடின்னு ஒரு தலைமுறையே அதுலதான் நடந்துச்சு. வார் அறுந்தா ஊக்கு குத்தி இன்னும் ரெண்டு மாசம் ஓட்டறதும் அதுலதான். ஊக்கு குத்தின செருப்போட பஸ்ஸுக்கு ஓடிப் பாருங்க, வாழ்க்கைன்னா என்னன்னு தெரியும்.

பிரேசில்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. ஆர்குட். நான் அதைப் பார்த்ததில்லை, எங்க பெரியம்மா பொண்ணு சொல்லிச் சொல்லி பார்த்த மாதிரியே ஆயிடுச்சு. 2004 ஜனவரியில ஆரம்பிச்சு 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடினாங்க. அமெரிக்காவுல செஞ்ச அதைத் தலையில தூக்கி வச்சு ஆடினது ரெண்டே தேசம்தான், பிரேசிலும் இந்தியாவும். ரப்பர் செருப்பையும் இதே ரெண்டு தேசம்தான் கொண்டாடுச்சு. இதுல ஏதோ விஷயம் இருக்குங்க. வெயில் ஊர்க்காரங்களுக்குக் காத்தோட்டமா, வாசல் திறந்து கிடக்கணும் போல. அக்கா சொல்லும், ஆர்குட்ல ஒருத்தர் பக்கத்துல நாம எழுதற ஸ்க்ராப்பை யார் வேணா படிக்கலாமாம். திண்ணைல உக்காந்து பேசற மாதிரிதானே?

அந்தக் காலத்துல ஒரு பக்கம் முடிஞ்சா கீழே "அடுத்த பக்கம்"னு இருக்கும். அதை அமுக்கணும். அமுக்கறதுக்கு முன்னாடி அரை நொடி யோசனை வரும், போதுமா இன்னும் வேணுமான்னு. அந்த அரை நொடிதான் லேஸ். 2006-ல ஆசா ராஸ்கின்னு ஒருத்தர், பக்கம் முடியாம கீழே கீழே வந்துட்டே இருக்கற மாதிரி ஒண்ணைக் கண்டுபிடிச்சார். பின்னாடி அவரே அதுக்காக வருத்தப்பட்டுப் பேசினார். நல்ல மனுஷன்தான், வேலையைச் சுலபமாக்கத்தான் செஞ்சார். லேஸை அவுத்துட்டார், நாம நடந்துட்டே இருக்கோம்.

க்ராக்ஸ் பத்தி சொல்லாம விட்டா எங்க கிளாஸ் பொண்ணுங்க என்னை மன்னிக்க மாட்டாங்க. 2002-ல படகுல போறவங்களுக்காக வந்த செருப்பு அது. வழுக்காது, தண்ணி தேங்காது. 2010-ல டைம் பத்திரிகை உலகத்தோட 50 மோசமான கண்டுபிடிப்புகள் பட்டியல்ல அதையும் சேர்த்துச்சு. பார்க்க சோப்பு டப்பா மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க. அப்புறம் 2020-ல எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சதும் அந்த சோப்பு டப்பாவே ஃபேஷன் ஆயிடுச்சு. இப்ப நம்ம பெரம்பலூர் பக்கத்துலயே அதைச் செய்யறாங்க. எங்க பசங்க போட்டிருக்கறது எல்லாம் ரங்கநாதன் தெரு சரக்கு, பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கும். கால் அதையெல்லாம் கண்டுக்காது.

ஆனா போட்டோ கண்டுக்கும். கவனிச்சிருக்கீங்களா? கல்ச்சுரல்ஸ்ல போட்டோ எடுக்கும்போது யாரோ ஒருத்தன் "முழங்காலுக்கு மேலே எடுடா"ன்னு கத்துவான். மேலே கடன் வாங்கின பிளேசர், கீழே பாத்ரூம் செருப்பு. இன்ஸ்டாகிராம்ல வர்ற கால் எல்லாம் வெள்ளை ஸ்னீக்கர்ஸ் போட்ட கால். ஸ்னீக்கர்ஸ் ஒரு ஜோடிதான், ஏழு பேர் மாத்தி மாத்தி போட்டு ஏழு பேர் புரொஃபைல்லயும் இருக்கு. அதோட சொந்தக்காரன் எவன்னு எங்க விங்க்ல இருக்கறவனுக்குத்தான் தெரியும்.

சரி, நான் சொல்ல வந்தது எங்க அப்பா செருப்பு பத்தி.

அப்பா ஜவுளிக்கடையில சேல்ஸ்மேன். முப்பது வருஷத்துக்கு மேல. ஜவுளிக்கடையில வேலை பாக்கறவங்க காலை யாராவது பார்த்திருக்கீங்களா? நாம புடவையைப் பார்ப்போம், விலையைப் பார்ப்போம். காலைல ஒன்பதரைக்கு ஷட்டர் தூக்கினதுலேர்ந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிக்கிறவங்க அவங்க. நாள் முழுக்க நிக்கிறவங்க உக்காரறதுக்கு இருக்கை குடுக்கணும்னு கேரளாவுல 2018-லயும் தமிழ்நாட்டுல 2021-லயும் சட்டமே போட வேண்டி வந்துச்சுன்னா நிலைமையை யோசிச்சுக்கோங்க. அப்பா கடையில இன்னொரு வழக்கமும் உண்டு. மகாலட்சுமி இருக்கற இடம், அதனால உள்ளே யாரும் செருப்பு போடக்கூடாது. கிரானைட் தரையில வெறுங்கால்.

அப்பாவுக்கு சர்க்கரை வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பஸ் ஸ்டாப்புலேர்ந்து வீட்டுக்கு நடந்து வந்தார். வாசல்ல செருப்பை விடப்போனா ஒரு கால்லதான் இருக்கு. இன்னொண்ணு எங்க கழண்டுச்சுன்னு அவருக்கே தெரியலை. "பரதன் வந்து கேட்டானா, குடுத்துட்டு வந்துட்டீங்களா?"ன்னு அம்மா சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சார். டார்ச் எடுத்துட்டுப் போய் தேடினா நாலு வீடு தள்ளி, ரோட்டு நடுவுல கிடந்துச்சு. அங்கேர்ந்து வீடு வரைக்கும் ஒரு கால் தார் ரோட்டுல, ஜல்லியில நடந்து வந்திருக்கு. ஜல்லி குத்தினது தெரியலை.

அடுத்த வாரம் இதை டாக்டர்கிட்ட அம்மா ஒரு ஜோக்காத்தான் சொன்னாங்க. டாக்டர் சிரிக்கலை. மேஜை டிராயர்லேர்ந்து தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். அது வளையற அளவுக்கு அமுக்கினா சரியா பத்து கிராம் அழுத்தமாம். அப்பாவைக் கண்ணை மூடிக்கச் சொல்லி பாதத்துல ஒவ்வொரு இடமா தொட்டார். "தெரியுதா?" "இல்லீங்க." "இங்க?" "தொடுங்க, சொல்றேன்." தொட்டுத்தான் இருந்தார். நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தேன். கட்டை விரல்ல இழை வளைஞ்சு நிக்குது, அப்பா அமைதியா காத்துட்டு இருக்கார்.

நடக்கும்போது செருப்பு கழண்டு போறது தெரியலைன்னா அதுவே நரம்பு மரத்துப் போனதுக்கு ஒரு அறிகுறின்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். அதைவிட விசித்திரமா ஒண்ணு சொன்னார். கால் மரத்துப் போனவங்க கடையில போய் ஒரு சைஸ் சின்னதா வாங்குவாங்களாம். ஏன்னா சரியான அளவுல போட்டா போட்ட மாதிரியே இருக்காது. இறுக்கிப் பிடிச்சாத்தான் "ஆங், இது நல்லா இருக்கு"ன்னு தோணும். அந்த இறுக்கம்தான் பின்னாடி புண்ணா ஆகும்.

இதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு ராத்திரி ஒண்ணரை மணிக்கு போனைத் தள்ளிட்டே படுத்திருக்கறப்ப எல்லாம் அது ஞாபகம் வருது. முதல்ல நண்பன் போட்ட பூனைக்குட்டி வீடியோ போதுமா இருந்துச்சு. இப்ப யாராவது யாரையாவது திட்டணும், எங்கயாவது வண்டி மோதணும், அப்பத்தான் விரல் நிக்குது. ஒரு சைஸ் சின்னது கேக்குது. இதுக்கெல்லாம் பத்து கிராம் நைலான் இழை எவனும் கண்டுபிடிக்கலை.

டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் குடுத்தார். மைக்ரோ செல்லுலார் ரப்பர். மருந்துச் சீட்டுல செருப்பு எழுதி நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காத்துக் குமிழ்கள், அமுக்கினா பாதத்தோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி அமுங்கி, எடை ஒரே இடத்துல இறங்காம பரவும். விரலுக்கு நடுவுல வார் வராது, பின்னாடி குதிகாலைப் பிடிக்க ஒரு பட்டை உண்டு, கழண்டு போகாம இருக்க. அடியில கெட்டியா ஒரு தனி ரப்பர், முள்ளு ஏறாம இருக்க.

இந்தச் செருப்புக்கு வேர் நம்ம வேலூர்ல இருக்கு. பால் பிராண்ட்னு ஒரு அறுவை சிகிச்சை டாக்டர். 1914-ல கொல்லிமலையில பொறந்தவர், அப்பா அம்மா மிஷனரிங்க. 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அப்ப எல்லாரும் தொழுநோய் வந்தா சதை தானா அழுகி விரல் விழுந்துடும்னு நினைச்சுட்டு இருந்தாங்க. இவர் வருஷக்கணக்கா நோயாளிங்க கூடவே இருந்து கவனிச்சார். நோய் விரலைத் தின்னலை, வலியைத்தான் தின்னுச்சு. வலி இல்லாததால சுட்ட பாத்திரத்தைப் பிடிக்கிறாங்க, ஆணி ஏறின கால்லயே நடக்கறாங்க. சில பேருக்கு ராத்திரியோட ராத்திரியா விரல்ல காயம். என்னன்னு பார்த்தா தூக்கத்துல எலி கடிச்சுட்டுப் போயிருக்கு, எழுந்திருக்கலை. அதுக்கு அவர் குடுத்த வைத்தியம் பூனை. நிஜமாத்தான், ஆளுக்கு ஒரு பூனை வளர்க்கச் சொன்னார். கால் புண்ணுக்கு மென்மையான ரப்பர் வேணும்னு அவரும் கூட இருந்தவங்களும் தேடி அலைஞ்சு, 1950-கள்ல வேலூர்லயும் கரிகிரியிலயும் வேலை பார்த்து, அதுலேர்ந்துதான் இந்த எம்.சி.ஆர். செருப்பு வழக்கத்துக்கு வந்துச்சு. வலிங்கறது யாருக்கும் வேண்டாத பரிசுன்னு 1993-ல ஒரு புஸ்தகமே எழுதினார். 2003-ல இறந்து போனார்.

இவ்வளவும் நான் அப்பாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் ஒரே வரியில முடிச்சுட்டார். "அது பெருவியாதிக்காரங்க போடற செருப்புடா. நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

அவரைக் குத்தம் சொல்ல முடியலை. கறுப்பு ரப்பர், பட்டை பட்டையா வார். அந்தச் செருப்பைப் பார்த்தே ஆளை ஒதுக்கின காலம் இருந்திருக்கு. அதனாலயே நிறைய நோயாளிங்க அதை வீட்டுல வச்சுட்டு வெறுங்கால்ல வெளியே போனாங்களாம். நம்ம பசங்க ஸ்னீக்கர்ஸைக் காட்டறதுக்காக இரவல் வாங்கறாங்க, அவங்க செருப்பை மறைக்கறதுக்காகக் காலையே குடுத்திருக்காங்க. மாசம் ரெண்டு ஓடிப்போச்சு. சீட்டு சாமி படத்துக்குப் பின்னாடி சொருகியே இருந்துச்சு. அம்மா கெஞ்சினாங்க, நான் கத்தினேன். டாக்டர் மறுபடி சொன்னார். ம்ஹூம்.

அப்பாவுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. பத்தாம் வகுப்பு பி பிரிவு, 1984. நாப்பத்தி மூணு பேர். காலைல அஞ்சு மணிக்கு ரோஜாப்பூ மேலே காலை வணக்கம் போட ஆரம்பிச்சா ராத்திரி நிலா மேலே இரவு வணக்கம் வரைக்கும் ஓயாது. நான் அதை நிறைய கிண்டல் பண்ணியிருக்கேன். இன்னமும் பண்ணுவேன். அதுல வந்த ஒரு வைத்தியக் குறிப்பால ஒரு நாள் வீட்டுல களேபரம். கால் மரத்துப் போச்சா, கொதிக்கற வெந்நீர்ல கல் உப்பு போட்டு இருபது நிமிஷம் காலை வைங்க, நரம்பு உயிர் பெறும்னு யாரோ எங்கேர்ந்தோ எடுத்துப் போட்டிருந்தாங்க. அப்பா பக்கெட்டை வச்சுகிட்டு உக்காந்துட்டார். அம்மா எதேச்சையா தண்ணியில கை வச்சுப் பார்த்து அலறிட்டாங்க. நல்லவேளை, அவர் இன்னும் காலை வைக்கலை. வச்சிருந்தா சுடறது தெரியாமலேயே தோல் வெந்திருக்கும். ஒரு ஃபார்வர்டு, எட்டு லிட்டர் தண்ணி, அவ்வளவுதான் தூரம்.

அதே குரூப்தான் செருப்பையும் போட வச்சுது. வெந்நீர் கதையை அப்பா அங்க எழுதியிருக்கார், மரத்துப் போச்சுங்கறதையும் சேர்த்து. வீட்டுல எங்ககிட்ட அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடலை. அப்புறம் ஒரு போட்டோ வந்துச்சு. லாரி வச்சிருக்கற ஒரு மாமா, பத்தாவதுல அப்பா பக்கத்து பெஞ்சு. தலையும் இல்லை உடம்பும் இல்லை, ரெண்டு பாதம் மட்டும். கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு. இடது கால்ல கட்டை விரல் இல்லை. கீழே, "நான் லேட்டா போட்டேன். நீ நாளைக்கே போடு."

அவருக்கு விரல் எடுத்தது அந்தக் குரூப்ல யாருக்குமே தெரியாதாம். நாலு வருஷமா தினம் ரோஜாப்பூ அனுப்பிட்டு இருந்த மனுஷன்.

மறுநாள் இன்னொரு பாதம். அப்புறம் இன்னும் மூணு. டீச்சர் வேலை பார்த்த ஒரு அத்தை, பாதத்துல ஆறின தழும்போட போட்டோ போட்டு, தினம் ராத்திரி அடிப்பாதத்துக்குக் கண்ணாடி பிடிச்சுப் பார்க்கணும், செருப்பைப் போடறதுக்கு முன்னாடி தட்டிட்டுப் போடணும், கோயில் பிரகாரத்துல உச்சி வெயில்ல நடக்கக் கூடாதுன்னு குரல் பதிவே அனுப்பினாங்க. மூணு நாளைக்கு அந்தக் குரூப் முழுக்கப் பாதங்கள்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்த போட்டோக்கள். எங்க கல்ச்சுரல்ஸ் போட்டோல வெட்டி எறியற பாகம்.

நாலாம் நாள் அப்பா தானாவே கிளம்பினார். நானும் போனேன். செருப்பு செய்யறவர் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில விரிச்சு, அப்பாவை ஏறி நிக்கச் சொல்லி, பென்சிலால பாதத்தைச் சுத்தி வரைஞ்சார். சாயங்காலம்தான் வரச் சொல்லியிருந்தார், பொழுது சாய்ஞ்சா கால் கொஞ்சம் வீங்கும், அந்த அளவுக்குத் தைக்கணுமாம். பென்சில் கூசலையான்னு கேட்டார். அப்பா இல்லைன்னார். அவர் எதுவும் சொல்லாம மறுபடி விரலுக்கு நடுவுல அளந்தார். கறுப்புலதான் வரும்னு நினைச்சோம், மேல் வாருக்குக் காப்பிக்கொட்டை நிறத்துல ரெக்சின் இருக்குன்னார். அப்பா முகத்துல அப்ப வந்த வெளிச்சம் இருக்கே, எனக்கு பன்னெண்டாவது ரிசல்ட் வந்தப்ப கூட அது வரலை.

கடைதான் மிச்சம். மகாலட்சுமி இருக்கற இடம். முதலாளிகிட்ட கேக்க அப்பாவுக்கு ஒரு வாரம் ஆச்சு. டாக்டர் எழுதின சீட்டைக் காட்டி, கடைக்குள்ள மட்டும் போட தனியா ஒரு ஜோடி, அது தெருவுக்கே போகாதுன்னு சொல்லியிருக்கார். முதலாளி சீட்டை ரெண்டு தடவை படிச்சுட்டு, "எனக்கும் சுகர்தான்பா. இது எங்க தைக்கறாங்க?"ன்னு கேட்டாராம். இப்ப ரெண்டாவது மாடி புடவை செக்‌ஷன்ல மூணு பேர் போட்டிருக்காங்க. ஸ்டூலும் வந்திருக்கு, மூணு பேருக்கு ஒண்ணு.

போன வாரம் ஊருக்குப் போனப்ப பார்த்தேன், அப்பா செருப்பு ஒரு பக்கமா அமுங்கியிருக்கு. குமிழ் செத்துப் போனா ரப்பர் உழைக்காது, மாத்தணும். அடுத்த ஜோடிக்கு என்ன நிறம்னு குரூப்ல கேட்டிருக்கார். லாரி மாமா கறுப்பே போதும்ங்கறார், டீச்சர் அத்தை மெரூன்ங்கறாங்க, யாரோ ஒருத்தர் சம்பந்தமே இல்லாம ரோஜாப்பூ போட்டிருக்கார். நூத்திப் பதினோரு மெசேஜ் ஓடிடுச்சு, இன்னும் முடிவாகலை.